காட்டுக்குள் ரம்பம் கொண்டுபோன மனிதர்

காட்டிலே ஒரு பெரிய மரம். அதன் இரு பக்கமும் இரண்டு பேர். நடுவில் ஆள் உயர ரம்பம். ஒருவர் இழுப்பார், மற்றவர் விடுவார். பிறகு அவர் இழுப்பார், இவர் விடுவார். வேர்வை கொட்டும். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும். பருத்த மரமாக இருந்தால் அந்த ஒரு மரத்தோடு பாதிப் பொழுது போய்விடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மனியில் மரவெட்டிகள் இப்படித்தான் பிழைத்தார்கள். இன்று ஒரே ஆள், ஒரே மிஷின். சில நிமிடங்களில் மரம் சாய்ந்துவிடுகிறது!

இந்த மாறுதலைக் கொண்டுவந்தவர்களில் முன் வரிசையில் நிற்பவர் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல். இரும்புச் சாமான் செய்தவர் என்பதால் வந்த பட்டப்பெயர் என்று எண்ணிவிட வேண்டாம். அது அவருடைய குடும்பப் பெயர்.

ஸ்டீல் 1896-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் உள்ள சூரிச் நகரில் பிறந்தார். வளர்ந்து வாழ்ந்தது ஜெர்மனியில். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்தார். பிறகு ஐசனாக் நகரில் எந்திரப் பொறியியல் படித்தார். 1926-ல் ஸ்டுட்கார்ட் நகரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பது கூட நிறையவில்லை.

தொடக்கத்தில் அவர் செய்தது ரம்பம் அல்ல. நீராவிக் கொதிகலனுக்கு வேண்டிய அடுப்புச் சாதனங்களும், துணி துவைக்கும் எந்திரங்களும்தான்! ஆனால் அவர் மனம் மரத்தைச் சுற்றியே வந்தது. வெட்டிய மரத்தைக் காட்டிலிருந்து அறுவை மில்லுக்கு இழுத்து வருகிறார்களே, அதற்குப் பதில் ரம்பம் மரத்தைத் தேடிப் போகக் கூடாதா? இதுதான் அவரைத் துளைத்த கேள்வி.

தூக்க இரண்டு பேர்

அதே 1926-ல் அவருடைய முதல் சங்கிலி ரம்பம் வெளிவந்தது. சைக்கிள் சங்கிலியைப் போன்ற ஒரு சங்கிலி. அதில் பற்கள். நீண்ட தகட்டைச் சுற்றி அது ஓடும். ஓட்டுவது மின்சார மோட்டார். எடை மிக அதிகம். இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரி, நடுக்காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவது? கம்பி போகும் தூரம்தான் ரம்பமும் போகும்!

ஸ்டீல் மீண்டும் பட்டறைக்குள் புகுந்தார். 1929-ல் பெட்ரோலில் ஓடும் ரம்பம் தயாராயிற்று. 6 குதிரை சக்தி. எடை 46 கிலோ. இதற்கும் இரண்டு ஆள் வேண்டும். ஆனாலும் கம்பியின் கட்டு அறுந்தது.

சங்கிலியால் அறுக்கும் யோசனையே ஸ்டீலுடையது என்று சொல்ல முடியாது. அவருக்கு நூறு ஆண்டு முன்பே, 1830-ல், பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர் எலும்பை அறுக்கச் சிறு சங்கிலி ரம்பம் செய்திருந்தார். கையால் சுற்றி ஓட்டுவது. ஆஸ்பத்திரியில் பிறந்த கருவிதான் பிறகு காட்டுக்குப் போனது!

பெட்ரோல் ரம்பத்திலும் ஸ்டீலுக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். எமில் லெர்ப் என்ற ஜெர்மானியர் 1927-ல் தம்முடைய பெட்ரோல் ரம்பத்தை டோல்மார் என்ற மலையில் ஓட்டிப் பார்த்தார். அந்த மலையின் பெயரையே கம்பெனிக்கும் வைத்துவிட்டார். ஸ்டீலா, டோல்மாரா என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது.

பழுதானால் யார் வருவது?

மரவெட்டிக்குக் கூலி, வெட்டிய மரத்தின் கணக்குப்படி. ரம்பம் நின்றால் கூலியும் நிற்கும். மழையில், குளிரில், ஊருக்கு வெகு தூரத்தில் மிஷின் மக்கர் செய்தால் அவன் என்ன செய்வான்? தோளில் தூக்கிக்கொண்டு நடப்பான். வழியெல்லாம் செய்தவனைத் திட்டுவான். அடுத்த முறை வேறு மிஷின் வாங்குவான்.

இதை ஸ்டீல் நன்றாகப் புரிந்துகொண்டார். அவர் முதலாளியாக நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. ரம்பத்தோடு காட்டுக்குப் போனார். மரவெட்டிகள் முன் ஓட்டிக் காட்டினார். பழுது பார்க்கும் ஆட்களைக் காட்டுக்கே அனுப்பினார். பழுது பார்க்கத் தெரிந்த கடைக்காரர் மூலமே விற்பது என்ற வழக்கம் கம்பெனியில் வேரூன்றியது. 1930-களிலேயே அவருடைய ரம்பங்கள் சோவியத் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் போயின.

மரவெட்டிகள் ஒரே பெயரைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன் என்று வெளியார் வியப்பார்கள். அப்பன் வைத்திருந்த மிஷினையே மகனும் கேட்பான். அது எந்தக் குளிரில் எத்தனை இழுப்பில் ஸ்டார்ட் ஆகும் என்பது அவனுக்கு மனப்பாடம். சத்தத்தைக் கேட்டே சங்கிலி மழுங்கியிருப்பதைச் சொல்லிவிடுவான். வெறும் வண்ணப் பெயிண்டுக்காக வந்த பிடிப்பு அல்ல அது. பாதி நம்பிக்கை மிஷின் மேல், பாதி அதைப் பழுது பார்க்கும் மனிதர் மேல்.

இருண்ட காலம்

ஸ்டீலின் வாழ்க்கையில் ஒரு கறையும் உண்டு. அவர் ஹிட்லரின் நாஜிக் கட்சியிலும், எஸ்.எஸ். படை அமைப்பிலும் உறுப்பினராக இருந்தார். போர்க் காலத்தில் அவருடைய தொழிற்சாலையில் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் உழைத்தார்கள். மரவெட்டியின் முதுகுவலியை எண்ணிப் பார்த்தவர்தான் இவரும். மறைத்துவிட்டுப் போக முடியாத சேதி இது.

குண்டு வீச்சில் ஸ்டுட்கார்ட் தொழிற்சாலை நாசமாயிற்று. போர் முடிந்ததும் ஸ்டீல் காவல் முகாமில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து மறுபடி தொழிலைக் கையில் எடுக்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

அதற்குள் உலகம் முந்திவிட்டது. கடல் கடந்த நாடுகளில் அவருடைய ரம்பத்தைப் பார்த்தே பலர் ரம்பம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். 1949-ல் அமெரிக்காவின் மெக்கல்லக் கம்பெனி சுமார் 11 கிலோ எடையில், ஒரே ஆள் தூக்கும் ரம்பத்தை விற்றது.

ஸ்டீல் சளைக்கவில்லை. 1950-ல் ஒரே ஆள் பிடிக்கும் பெட்ரோல் ரம்பத்தைக் கொண்டுவந்தார். எடை 16 கிலோ. 1954-ல் அது 11 கிலோவாகக் குறைந்தது.

புழு காட்டிய வழி

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி இருந்தார். சங்கிலியின் பற்களைத் தீட்டியே சலித்தவர். 1946-ல் ஒரு நாள் விறகு பிளக்கும்போது, மரத்துக்குள் வண்டுப் புழு ஒன்றைக் கண்டார். அது மரத்தின் ரேகையைப் பற்றிக் கவலைப்படவில்லை. நெடுக்கிலும் குறுக்கிலும் தின்றுகொண்டே போயிற்று! அதன் வாயில் இடமும் வலமும் வளைந்த தாடைகள்.

காக்ஸ் அதே மாதிரி வளைந்த பற்களைச் சங்கிலியில் வைத்தார். இடப் பல் ஒன்று, வலப் பல் ஒன்று. 1947-ல் விற்பனைக்கு வந்தது. அறுப்பதோடு மரத்தைச் செதுக்கி வெளியே தள்ளியது. எந்தப் பெயர் கொண்ட ரம்பமானாலும் சரி, இன்று அதில் ஓடுவது பெரும்பாலும் இந்தச் சங்கிலியின் வழிவந்ததுதான். என் மிஷின் உசத்தி, உன் மிஷின் மட்டம் என்று சண்டையிடும் இருவர் கையிலும் அந்தப் புழுவின் பல்தான் இருக்கிறது!

1959-ல் ஸ்டீல் கம்பெனி "கோன்ட்ரா" என்ற ரம்பத்தை வெளியிட்டது. நடுவில் பல்சக்கரங்கள் இல்லை. எஞ்சின் நேராகவே சங்கிலியை ஓட்டியது. 6 குதிரை சக்தி, எடை 12 கிலோ. முப்பது ஆண்டுக்கு முன் 46 கிலோவில் இருந்த அதே சக்தி! அமெரிக்கக் காடுகளில் இது "மின்னல்" என்று பொருள்படும் பெயரில் விற்றது. கோடரியை மூலையில் போட்டவர்கள் ஏராளம். அதே 1959-ல் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா கம்பெனியும் களத்தில் குதித்தது. 1689-ல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய பழம்பெரும் கம்பெனி அது.

வேகம் கூடியதும் வேறு துன்பம் வந்தது. நாள் முழுதும் அதிர்கிற மிஷினைப் பிடித்தவர்களின் விரல்கள் வெளுத்தன, மரத்துப் போயின. 1960-களில் ரப்பர் வைத்து அதிர்வைத் தடுக்கும் கைப்பிடி வந்தது. சங்கிலி துள்ளி முகத்தில் பாயும் ஆபத்தைத் தடுக்க, அடுத்த பத்தாண்டில் பிரேக் வந்தது.

ஸ்டீல் 1973-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி இறந்தார். வயது 76. மகன் ஹான்ஸ் பீட்டர் கம்பெனிப் பொறுப்பை ஏற்றார். மகள் ஏவாவும் நிர்வாகத்தில் துணை நின்றார். பழுது பார்க்கத் தெரியாத கடைக்கு ரம்பம் இல்லை என்ற வழக்கத்தை, தந்தை போன பிறகும் பல ஆண்டுகள் பிள்ளைகள் விடவில்லை.