வானலைகளைப் புனலில் ஏந்திய மேதை ஜகதீச சந்திர போஸ்

முன்னுரை

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவை விழுப்புரம் மாவட்டத்து மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அன்றுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நமக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்தில் எங்கள் தெருவே இருளில் மூழ்கியது. மின்சாரம் இல்லை, சிறிது நேரத்தில் கைபேசியும் ஊமையாகிவிட்டது. விடிந்ததும் மாடிக்குச் சென்று பார்த்தேன். தொலைக்காட்சிக்காகப் பொருத்தியிருந்த டிஷ் ஆண்டெனா சுவரிலிருந்து பிடுங்கி எறியப்பட்டு, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது.

சாலை சீரான பிறகு விழுப்புரத்திலிருந்து என் தாய்மாமா வந்தார். அவர் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவர். அவர் வீட்டு மாடியில் நீண்ட கம்பி ஆண்டெனா ஒன்று உண்டு. அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். புயல் எச்சரிக்கை வந்த அன்றே கம்பத்தை இறக்கிப் படுக்க வைத்துவிட்டதாகவும், இணைப்பைக் கழற்றிவிட்டதாகவும் சொன்னார். பிறகு எங்கள் டிஷ் ஆண்டெனாவை நிமிர்த்தி, அதன் கையின் நுனியில் கிண்ணம் போல் இருந்த பகுதியைக் காட்டினார். அதற்குள் ஒரு சிறு உலோகப் புனல் இருக்கிறதாம். வானிலிருந்து வரும் அலைகளைத் தட்டு குவித்துத் தர, அந்தப் புனல்தான் வாங்கிக்கொள்கிறதாம். அத்தகைய புனலை முதன்முதலில் வானலைக்காகச் செய்தவர்களுள் ஓர் இந்தியர் உண்டு என்றும், அவர் பிறந்த நாள் நவம்பர் 30 என்றும் மாமா சொன்னபோது நான் வியந்து போனேன். அந்த மேதையின் வாழ்க்கையை அறிய ஆவல் கொண்டேன். அறிந்ததை என் தோழியருக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் மைமன்சிங்கில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேச நாட்டில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் உயர் பதவியில் இருந்தவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். ஆனால் இத்தந்தையோ, மகன் முதலில் தாய்மொழியையும் தன் நாட்டு மக்களையும் அறிய வேண்டும் என்று எண்ணி, ஊரிலிருந்த வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே சிறுவன் ஜகதீசனின் ஒருபுறம் தந்தையிடம் ஏவலராக இருந்தவரின் மகனும், மறுபுறம் ஒரு மீனவரின் மகனும் அமர்ந்திருந்தனர். அவர்கள் வீட்டுக்கு வந்தால் தாயார் எந்த வேறுபாடும் பாராமல் எல்லாருக்கும் உணவிட்டார். மீன்களையும் பறவைகளையும் பற்றி அந்தத் தோழர்கள் சொன்ன கதைகளே அச்சிறுவனின் முதல் அறிவியல் பாடம்.

பின்னர் கல்கத்தா வந்து, இயேசு சபைக் குருக்கள் நடத்திய புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கு ஆங்கிலம் சரளமாகப் பேசும் மாணவர் நடுவே இந்த நாட்டுப்புறச் சிறுவன் தனித்து நின்றான், கேலிக்கும் ஆளானான். கிராமத்துப் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்பில் இங்கே வந்து சேர்ந்த எனக்கு இப்பகுதியைப் படித்தபோது கண் கலங்கியது.

நல்லாசிரியர் வாய்த்தார்

அக்கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர் பெல்ஜிய நாட்டவரான அருட்தந்தை யூஜின் லஃபோன். பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுவதோடு நில்லாமல், கருவிகளை இயக்கிக் காட்டிக் கற்பிப்பது அவர் வழக்கம். 1867ஆம் ஆண்டில் கல்லூரி மொட்டைமாடியில் அவர் எளிய வானிலை ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்திருந்தார். அங்கிருந்து கணித்து, பெரும்புயல் வருவதை முன்கூட்டியே அரசுக்குத் தெரிவித்தார். அதனால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன. புயலுக்கும் மொட்டைமாடிக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். இந்தக் குருவானவரே போஸின் உள்ளத்தில் பௌதிக ஆர்வத்தை விதைத்தவர்.

1880இல் போஸ் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார். காய்ச்சல் அவரை விடாமல் வாட்டியது. எனவே மருத்துவத்தை விட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கே புகழ்பெற்ற விஞ்ஞானி ராலே பிரபு அவருக்கு ஆசிரியராக அமைந்தார். 1884இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டில் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார்.

ஊதியம் வேண்டாத ஆசிரியர்

அக்காலத்தில் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே கொடுக்கப்பட்டது. போஸுக்கு வேலை நிரந்தரமாகாததால் அதிலும் பாதிதான் கிடைக்கும் நிலை. செய்யும் வேலை ஒன்றாயிருக்க, கூலி மட்டும் வேறாவதேன் என்று அவர் மனம் கொதித்தது. ஆயினும் அவர் வகுப்பைப் புறக்கணிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஊதியத்தைத் தொடாமலேயே ஒழுங்காகப் பாடம் நடத்தினார். குடும்பத்துக்கோ கடன் சுமை இருந்தது. இறுதியில் நிர்வாகம் அவருடைய தகுதியை உணர்ந்து, முழு ஊதியத்தையும் பழைய நிலுவையோடு வழங்கியது.

இந்தத் துன்ப நாட்களில் உடனிருந்தவர் அவர் மனைவி அபலா. 1887இல் அவர்கள் திருமணம் நடந்தது. இந்த அம்மையார் அதற்கு முன் நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து மருத்துவம் பயின்றவர் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. பிற்காலத்தில் பெண் கல்விக்காகவும் கைம்பெண்களின் நலனுக்காகவும் பெருந்தொண்டு செய்தார்.

தகரமும் சணலும் கருவியாயின

1894ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் 36ஆம் பிறந்த நாளில், இனி ஆராய்ச்சிக்கே வாழ்வை அளிப்பதென்று போஸ் உறுதி பூண்டார். அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடமோ 24 சதுர அடி அளவுள்ள ஒரு சிற்றறை. நம் வகுப்பறையில் இரண்டு பெஞ்சுகள் போடும் இடம்தான் அது! உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர். அவருக்குத் தாமே பயிற்சி அளித்துக் கருவிகளைச் செய்வித்தார். செலவுக்குத் தம் சொந்தப் பணத்தையே பயன்படுத்தினார்.

ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மின்காந்த அலைகள் உண்டென்று நிலைநாட்டியிருந்தார். அவர் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. போஸ் 5 மில்லிமீட்டர் வரை சிறிய அலைகளை உண்டாக்கினார். அலை சிறிதானால் கருவியும் சிறிதாகும். மேசை மீதே எல்லாச் சோதனைகளையும் செய்யலாம். அந்த அலைகளைச் சிதறாமல் திரட்டி வாங்குவதற்கு, வாய் அகன்று அடி குறுகிய உலோகப் புனல் ஒன்றைச் செய்தார். இன்று ஹார்ன் ஆண்டெனா என்று பொறியாளர்கள் அழைப்பது இதைத்தான். அலைகளின் தன்மையைச் சோதிக்கச் சணல் நாரை முறுக்கிக் கட்டுகளாக வைத்தார். பக்கங்களுக்கிடையே வெள்ளீயத் தாள் செருகிய ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் கூட அவர் கையில் ஒரு கருவியாயிற்று!

கருவியைச் செய்வதோடு அதைக் காப்பதிலும் அவர் கருத்தாயிருந்தார். அலையை உண்டாக்கும் பகுதியை உலோகப் பெட்டிக்குள் அடைத்து, வேண்டாத அலைகள் கசிந்து வாங்கியைக் கெடுக்காதபடி செய்தார். அலையை உணரும் நுண்ணிய உருக்குச் சுருள்களுக்குக் கோபால்ட் பூசித் துருவிலிருந்து காத்தார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். ஓர் அறையிலிருந்து கிளம்பிய கண்ணுக்குத் தெரியாத அலை, சுவர்களைக் கடந்து, தலைமை தாங்கிய துணை ஆளுநரின் உடலையும் ஊடுருவி, சுமார் 75 அடி தொலைவில் ஒரு மணியை அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. இத்தொலைவை எட்டுவதற்காக அவர் 20 அடி உயரக் கம்பத்தின் உச்சியில் வட்டமான உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தி, அலை உண்டாக்கும் கருவியோடு இணைத்தார். அலை வாங்கும் கருவிக்கும் அதுபோன்றே ஒன்று வைத்தார். உயர்ந்த கம்பத்தில் ஆண்டெனா கட்டும் இன்றைய வழக்கத்தின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று. தம் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே ஒரு மைல் தூரம் செய்தி அனுப்பவும் திட்டமிட்டார். அதற்குள் 1896இல் இங்கிலாந்து செல்ல நேர்ந்ததால் அது நிறைவேறவில்லை. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் புனலையும் பிற கருவிகளையும் காட்டி அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தினார்.

மார்க்கோனியும் புயலும்

அதே காலத்தில் இத்தாலிய இளைஞர் மார்க்கோனியும் இங்கிலாந்தில் உழைத்துக்கொண்டிருந்தார். அவர் நாடியது நீண்ட தூரம். எனவே உயர்ந்த கம்பங்களை நட்டார். அவருக்கும் நம்மைப் போலவே புயலால் சோதனை வந்தது. 1901 செப்டம்பரில் இங்கிலாந்தின் போல்டுவில் வட்டமாக நிறுத்தியிருந்த 20 கம்பங்களும் சூறைக்காற்றில் சாய்ந்தன. நவம்பரில் அமெரிக்கக் கரையில் கட்டியவையும் விழுந்தன. அவர் மனம் தளரவில்லை. எளிய கம்பி அமைப்பு ஒன்றைப் போல்டுவில் எழுப்பினார். நியூஃபவுண்ட்லாந்து சென்று காற்றாடியில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டார். 1901 டிசம்பர் 12 அன்று அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தார். இவரே பின்னர் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதருக்காக 1931இல் வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவர்.

அன்று மார்க்கோனியின் காதில் ஒலி கேட்க உதவிய பாதரச உணர்கருவி, போஸ் 1899இல் ராயல் சொசைட்டிக்கு எழுதியனுப்பிய கருவியின் வழிவந்ததே என்று 1998இல் ஓர் அறிஞர் விரிவாக ஆராய்ந்து எழுதினார். போஸோ தம் கண்டுபிடிப்புகளைப் பூட்டி வைக்கவில்லை. பணம் பண்ண விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் உணர்கருவி ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அது 1904இல் கிடைத்தது. அதையும் அவர் வருவாய்க்குப் பயன்படுத்தவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு வருத்தமும் கோபமும் ஒருங்கே வந்தன. வானொலி என்றதும் மார்க்கோனி பெயரை மட்டும்தானே நாம் மனப்பாடம் செய்தோம்? காப்பாற்றத் தெரியாமல் இழந்துவிட்டாரே என்று மாமாவிடம் முறையிட்டேன். மாமா சிரித்துவிட்டு, உன் வீட்டு மாடியில் இருக்கும் புனலை யார் இழந்தார்கள் என்று திருப்பிக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எவரும் பார்த்துச் செய்துகொள்ளும்படி அவர் வெளியிட்டதால்தானே அது இன்று ஊர்தோறும் மாடியில் நிற்கிறது? ஆயினும் உரியவருக்கு உரிய பெயரைச் சொல்வது நம் கடமை என்ற எண்ணம் மட்டும் என்னை விட்டு அகலவில்லை.

இறுதி நாட்கள்

பின்னாளில் போஸ் தாவர ஆராய்ச்சியில் ஈடுபட்டார். செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை அமைத்தார். 1917ஆம் ஆண்டு தம் பிறந்த நாளான நவம்பர் 30 அன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் காலமானார். மார்க்கோனி மறைந்ததும் அதே ஆண்டுதான். 2012இல் உலக மின்பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ., மாநிலக் கல்லூரியில் போஸ் செய்த மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்துக் கல்வெட்டுப் பதித்தது.

முடிவுரை

அன்புத் தோழியரே! 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது அந்தமானில் பிற தொடர்புகள் அற்றுப்போன இடங்களிலிருந்து செய்தி அனுப்பியவர்கள் அமெச்சூர் ரேடியோ அன்பர்கள். அவர்களுக்குத் துணை நின்றவை தம் கையால் கட்டிய ஆண்டெனாக்களே. நம் நாட்டில் 12 வயது நிறைந்த எவரும் தேர்வெழுதி இந்த உரிமத்தைப் பெறலாம். நானும் பொதுத்தேர்வு முடிந்ததும் எழுத எண்ணியுள்ளேன்.

மாமா எனக்குச் சில பாடங்களைச் சொல்லித் தந்தார். மின்கம்பிக்கு அருகே ஒருபோதும் ஆண்டெனா கட்டக்கூடாது. கம்பத்தை மூன்று பக்கமும் இழுகம்பியால் கட்ட வேண்டும். மரத்தில் கட்டினால் காற்றில் மரம் ஆடுவதற்கு இடம்விட்டுக் கயிற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டும். கம்பத்தைத் தரையோடு இணைக்கும் எர்த் கம்பி கட்டாயம் வேண்டும். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் சில கம்பங்கள் விழத்தான் செய்யும். கட்டத் தெரிந்த கையும் கலங்காத மனமும் இருந்தால் அவை மீண்டும் எழும். சிற்றறையில் தகரத்தையும் சணலையும் கொண்டு உலகை வியக்க வைத்த போஸ் நமக்குக் காட்டிய வழி அதுவே. வசதி இல்லை, வாய்ப்பு இல்லை என்று சோர்ந்திராமல், இறைவன் அளித்த அறிவையும் கைகளையும் நம்பி நாமும் உழைப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி