எல்லைக்கோட்டில் நிலைத்துவிட்ட பெயர்: எல்பிரிட்ஜ் கெர்ரி

அமெரிக்காவில் ஆளுங்கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைப்பதற்கு வழங்கும் சொல், எல்பிரிட்ஜ் கெர்ரியின் பெயரிலிருந்து பிறந்தது.

1744-இல் மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட்டில் பிறந்த அவர், சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர். உரிமைப் பட்டியல் இல்லாதது உள்ளிட்ட காரணங்களால் 1787-இல் அரசமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட மறுத்தவர். அத்தகையவரே, மாநில ஆளுநராக 1812 பிப்ரவரியில் தம் கட்சிக்கு உகந்த தொகுதி மறுவரையறைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். நெளிந்து கிடந்த எஸெக்ஸ் பகுதித் தொகுதியைப் பல்லி போன்ற சாலமாண்டராகச் சித்தரித்தது பாஸ்டன் இதழொன்று. இரு பெயர்களும் இணைந்த 'கெர்ரிமாண்டர்' இன்று 'ஜெர்ரிமாண்டர்' என ஒலிக்கிறது.

அவ்வாண்டு மாநில மேலவைத் தேர்தலில் எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட்டுகள் அதிக வாக்குகள் பெற்றும், 40 இடங்களில் 29 கெர்ரியின் கட்சிக்கே சென்றன. மாநிலம் முழுவதும் வாக்களித்த ஆளுநர் தேர்தலிலோ, வளைக்க எல்லை ஏதுமில்லை; கெர்ரி தோற்றார். 1813-இல் துணை அதிபரான அவர், பதவியிலிருந்தபோதே 1814 நவம்பர் 23 அன்று வாஷிங்டனில் காலமானார்.