துறவியின் உயில்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருள் தமக்குப் பின் யார்க்கு, எவ்வாறு பயன்பட வேண்டும் என்று முறைப்படுத்தி வைத்தல் அதனினும் அரிது. செல்வர் பலர் இதனைச் செய்யாது விட்டமையால், அவர்தம் மக்கள் வழக்கு மன்றங்களிலே காலங்கழிக்க நேர்ந்ததுண்டு. ஆனால் கோவணமும் கைக்கோலும் கமண்டலமுமே உடைமையாகக் கொண்ட ஒரு துறவி உயில் எழுதி வைத்தார். அவரே திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி.

இவர் 1879-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தார். பெற்றோர் சுந்தரமையர், அழகம்மாள். இவருக்கு இடப்பட்ட பெயர் வேங்கடராமன். இளமையிலேயே தந்தையை இழந்து, மதுரையில் சிற்றப்பன் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். பதினாறு வயதில் மரணத்தைப் பற்றிய பேரச்சம் ஒரு நாள் அவரைப் பற்றியது. அவர் அதற்கு அஞ்சி ஓடாது, இறப்பது யார் என்று தமக்குள்ளேயே ஆராய்ந்தார். அன்று முதல் அவர் உள்ளம் உலகியலை விட்டு நீங்கியது.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். தமையனார் தம் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்திவிடுமாறு அவரிடம் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். வேங்கடராமனோ வழிச்செலவுக்கு மூன்று ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டு ரூபாயைக் கடிதத்துடன் வைத்துச் சென்றார். தம்மைத் தேடிப் பணம் செலவிட வேண்டா என்றும், கட்டணம் செலுத்தப்படவில்லை என்றும் அதில் குறித்திருந்தார். கையொப்பமிட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. ஒரு கோடு மட்டுமே இருந்தது.

செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். கையில் மிஞ்சியிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தார். பின்னர்க் கோயிலிலும், மலையிலுள்ள விரூபாட்சி குகையிலும், கந்தாசிரமத்திலுமாகப் பல்லாண்டுகள் தவத்தில் இருந்தார்.

அன்னை அழகம்மாள் 1916-ஆம் ஆண்டில் மகனுடன் வாழ வந்து சேர்ந்தார். இளையவராகிய நாகசுந்தரமும் பின்னர் வந்தார். அவர் மனைவியை இழந்தவர். தாயற்ற தம் சிறு மகனைத் தங்கையிடம் ஒப்புவித்துத் துறவு பூண்டு, நிரஞ்சனானந்தர் எனப் பெயர் பெற்றார். 1922-ஆம் ஆண்டில் அன்னை மறைந்தார். மலையடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்தது. அதன் நிருவாகப் பொறுப்பைத் தம்பியார் ஏற்றார்.

அன்பர்கள் நிலமும் பொருளும் வழங்கினர். கட்டடங்கள் எழுந்தன. மகரிஷி எதனையும் வேண்டிக் கேட்டாரல்லர். பந்தியில் தமக்கென்று ஒரு பண்டத்தைச் சிறிது மிகுதியாகப் பரிமாறினாலும் கடிந்துகொள்வார். எனினும் உடைமை இருக்குமிடத்தில் பூசல் வாராதிருப்பதில்லை. ஆசிரமத்தின் உரிமை குறித்து வழக்கு ஒன்று எழுந்தது. 1936-ஆம் ஆண்டில் நீதிமன்ற ஆணையாளர் ஆசிரமத்திற்கே வந்து மகரிஷியின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார். யாவற்றையும் துறந்தவரும் உடைமை பற்றிய வினாக்களுக்கு விடை கூற வேண்டியதாயிற்று.

அவர் வாழுங்காலத்திலேயே இத்தகைய பூசல் எழுந்ததெனின், அவர் மறைந்தபின் என்ன நிகழும்? அன்பர்கள் கவலையுற்றனர். 1938-ஆம் ஆண்டில் உயில் ஒன்று வரையப்பட்டது. மகரிஷி அதனைக் கருத்தூன்றிப் படித்து இசைவளித்தார். அன்னையின் சமாதியிலும் தம் சமாதியிலும் வழிபாடு நிகழ வேண்டும். நிரஞ்சனானந்தருடைய மகனின் குடும்பம் பேணப்பட வேண்டும். ஆசிரமம் ஆன்மிக நிலையமாக என்றும் விளங்க வேண்டும். இவையே அதன் சாரம். நிருவாகம் தம்பியாருக்கும், அவருக்குப்பின் அவர் வழியினர்க்கும் உரியதாயிற்று. தந்தை தொண்டில் ஈடுபட்டமையால் தனித்து வளர்ந்த மகன் கைவிடப்படவில்லை. அதே வேளையில், குடும்பத்தார்க்குக் கிட்டியது நுகர்ந்து களிக்கும் செல்வம் அன்று. பலர் பொருட்டுக் காத்து நிற்கும் கடமையே ஆகும்.

மகரிஷிக்குப் பெயர் எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் இல்லை. ஆகவே அந்த உயிலிலும் அடையாளமாக ஒரு கோட்டையே இட்டார். இல்லத்தை நீங்கியபோது இட்ட கோடும், உடைமையை ஒழுங்கு செய்தபோது இட்ட கோடும் ஒரே உள்ளத்தினின்றும் பிறந்தவை.

1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மகரிஷி மறைந்தார். 1953-ஆம் ஆண்டில் நிரஞ்சனானந்தரும் மறைய, அவர் மகன் நிருவாகத்தை ஏற்றார். அவ்வழியினர் இன்றும் அப்பணியைத் தொடர்கின்றனர். ஏழைகளுக்கும் சாதுக்களுக்கும் நாள்தோறும் அங்கே உணவு வழங்கப்படுகிறது.

பற்றற்றவர் தம் கடமையை மறந்தவராகார். பதினாறு வயதில் தமையனாரின் இரண்டு ரூபாய்க்குக் கணக்குக் காட்டிச் சென்ற சிறுவர், முதுமையில் ஓர் ஆசிரமத்திற்கே கணக்கை ஒழுங்குபடுத்தி வைத்தார். தமதென்று எதனையும் கருதாதவரே அதனைப் பிறர்க்கு நேர்மையாகப் பகுத்தளிக்க வல்லவர் என்பதற்கு அவர் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.