வர்த்தகர் டான் கா கீயும் சங்க ஊழியமும்

சங்கம் என்பது பணக்காரர்களின் வேலை என்று நம் வியாபாரிகளில் பலர் எண்ணுகிறார்கள். வருஷச் சந்தாவைக் கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. கூட்டத்துக்கு வருவது, வரவு செலவைப் பார்ப்பது, கடை கடையாகப் போய் வசூல் செய்வது எல்லாம் நாலு காசு சேர்ந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஆகட்டும் என்று ஒத்திப்போடுகிறார்கள். இது சரிதானா என்று பார்க்க, நம்மைப் போலவே கடல் கடந்து வந்து சிங்கப்பூரில் கடை நடத்திய ஒரு சீன வர்த்தகரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் காலஞ்சென்ற டான் கா கீ.

அவர் 1874-ஆம் ஆண்டு சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஜீமேய் என்னும் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். 1890-இல், சுமார் பதினாறு வயதில், சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்து தகப்பனாரின் அரிசிக் கடையில் வேலை பழகினார். தாயாரின் அடக்கக் காரியங்களுக்காக ஊர் போயிருந்து 1903-இல் திரும்பியபோது, கடை கடனில் மூழ்கிக் கிடந்தது. தகப்பனாரின் கடனுக்கு மகன் பொறுப்பில்லை என்பதே அன்றைய இந்நாட்டுச் சட்டம். இருந்தும் அவர் கடன்காரர்களை அழைத்துப் பேசி, அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்றார். சில ஆண்டுகளில் கொடுத்து முடித்தார். வியாபாரிக்கு நாணயமே முதல் என்பதை வாயால் சொல்லாமல் கையால் காட்டினார்.

1904-இல் சிறு முதலோடு அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிலைத் தொடங்கினார். 1906-இல் அன்னாசித் தோட்டத்தின் ஊடே கித்தாக் கன்றுகளை நட்டார். பிறகு கித்தா ஆலை, கப்பல் போக்குவரத்து, ரப்பர் காலணித் தொழிற்சாலை என்று தொழில் பெருகியது. ஆயிரக்கணக்கானோர் அவரிடம் வேலை செய்தார்கள். 1920-களில் மலாயாவின் பெரிய முதலாளிகளில் ஒருவராக விளங்கினார்.

ஆனால் நாம் இங்கே சொல்ல வந்தது அவருடைய செல்வத்தை அல்ல. தெலுக் ஆயர் தெருவை நம்மவர்கள் யாவரும் அறிவார்கள். நாகூர் தர்காவும், குச்சுப் பள்ளி என்று நம் முன்னோர் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசலும் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன. அவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது தியான் ஹோக் கெங் என்னும் சீனக் கோயில். ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த ஹொக்கியன் மக்களின் சங்கமான ஹொக்கியன் ஹுவே குவான் 1840-இல் அந்தக் கோயிலில்தான் தோன்றியது. நெடுங்காலம் அதன் நிர்வாகம் சில பெரிய குடும்பத்தாரின் கையிலேயே இருந்து வந்தது.

1929-இல் டான் கா கீ அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நிர்வாகத்தைத் திருத்தி அமைத்தார். கல்வி, சமூக நலம், பொருளாதாரம் என்று வேலைகளைப் பகுத்து, ஒவ்வொன்றையும் கவனிக்க ஆட்களை ஏற்படுத்தினார். சடங்குகளில் ஆடம்பரச் செலவைக் குறைத்து அந்தப் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்ப வேண்டும் என்று வற்புறுத்தினார். தாவ் நான், ஐ டோங், சோங் ஹோக் ஆகிய பள்ளிகள் சங்கத்தின் ஆதரவில் வளர்ந்தன. அவை இன்றும் நடந்து வருகின்றன. சோங் ஹோக் மட்டும் இப்போது சோங்ஃபு என்று பெயர் மாறியிருக்கிறது. இதற்கு முன்பே, 1919-இல், சீன உயர்நிலைப் பள்ளி திறக்கப்படவும் அவரே முன்னின்றார். பிறந்த ஊரில் 1913-இல் பள்ளியும், ஸியாமென் நகரில் 1921-இல் பல்கலைக்கழகமும் தம் சொந்தச் செலவில் ஏற்படுத்தினார்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்று கேட்கலாம். இவ்வளவும் பணம் இருந்ததால் நடந்தது அல்லவா? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதியில் இருக்கிறது.

1920-களின் பிற்பகுதியில் கித்தா விலை இறங்கியது. 1929-க்குப் பிறகு உலகமெங்கும் வர்த்தகம் படுத்தது. ஜப்பானிய ரப்பர்ச் சரக்கு மலிவு விலையில் வந்து குவிந்தது. டான் கா கீயின் நிறுவனம் வங்கிகளுக்குப் பெருந்தொகை கடன்பட்டது. 1931-இல் அது வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாற்றப்பட்டு, அவருடைய சொந்த அதிகாரம் சுருங்கியது. 1934-இல் நிறுவனமே கலைக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களுக்கு வாரி இறைத்ததால்தான் கடை மூழ்கியது என்று சொன்னவர்களும் உண்டு. அவருடைய கொடை சுமையைக் கூட்டியது மெய்தான். ஆனால் விலை வீழ்ச்சியில், எந்தப் பள்ளிக்கும் ஒரு காசு கொடுக்காத எத்தனையோ கடைகளும் அந்த ஆண்டுகளில் மூடப்பட்டன.

அப்போது அவருக்கு வயது அறுபது. நம்மில் யாராவது இருந்தால் வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருப்போம். சங்கமும் வேறொரு பணக்காரரைத் தேடியிருக்கும். அப்படி நடக்கவில்லை. அவர் சங்கத்தின் தலைவராகவே தொடர்ந்தார். கடை போன பிறகும் சங்கத்தார் அவரை விட்டுவிடவில்லை. ஏனெனில் அதுவரை அவர் சங்கத்துக்குப் பணத்தை மட்டும் கொடுத்திருக்கவில்லை. நேரத்தையும், உழைப்பையும், நாணயமான கணக்கையும் கொடுத்திருந்தார்.

அவருடைய மிகப் பெரிய சங்கப் பணி அதற்குப் பிறகுதான் நடந்தது. 1937-இல் ஜப்பான் சீனாவின்மீது முழுப் போர் தொடுத்தது. 1938 அக்டோபரில் தென்கிழக்காசிய நாடுகளின் சீனச் சங்கப் பிரதிநிதிகள் சிங்கப்பூரில் கூடி ஒரு பெரிய நிவாரண நிதிச் சங்கத்தை அமைத்தார்கள். தலைவராக டான் கா கீயைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெரிய சங்கத்துக்கு உயிர் கொடுத்தவை ஊர் ஊராக இருந்த கிளைகளே. பெரிய முதலாளி ஒரு தடவை கொடுக்கும் பெருந்தொகையை மட்டும் அவர்கள் நம்பியிருக்கவில்லை. தொழிலாளியும் சில்லறை வியாபாரியும் மாதந்தோறும் கொடுத்த சிறு தொகையைச் சேர்த்தார்கள். அதை வாங்க ஒருவர் போக வேண்டும், எழுத ஒருவர் வேண்டும், கொண்டுபோய்க் கட்ட ஒருவர் வேண்டும். அந்த வேலைகளைக் கூலியில்லாமல் செய்தவர்கள் நம்மைப் போன்ற கடைக்காரர்களே. 1939-இல் அந்தச் சங்கத்தின் அழைப்பை ஏற்று, லாரி ஓட்டுவோரும் பழுது பார்ப்போருமாகச் சுமார் 3,200 பேர் சீனாவை பர்மாவோடு இணைத்த மலைப்பாதைக்குப் போனார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை.

1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுமுன் அவர் தப்பிச் சென்று, போர் முடியும்வரை ஜாவாவில் மறைந்து வாழ்ந்தார். பிறகு திரும்பி வந்து, 1949 வரை சங்கத் தலைவராக இருந்தார். 1950-இல் சீனாவுக்குச் சென்று, 1961-ஆம் ஆண்டு பீக்கிங்கில் காலமானார். அவருடைய அரசியலைப் பற்றிப் பலவித அபிப்பிராயங்கள் உண்டு. அது இங்கே நம் பேச்சல்ல.

அவருக்குப் பின் தலைவரான டான் லார்க் சை, ஒரு காலத்தில் அவரிடம் வேலை பார்த்தவர். 1953-இல் நன்யாங் பல்கலைக்கழகத்துக்கான யோசனையை வெளியிட்டவர் அவரே. அதற்கு ஜூரோங்கில் 500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஹொக்கியன் ஹுவே குவான் கொடுத்தது. டான் கா கீயின் கம்பெனி 1934-இல் மறைந்துபோயிற்று. அவர் சங்கத்தில் பழக்கிவிட்ட வேலை அவர் போன பிறகும் நின்றது. 2015-இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட ஒரு ரயில் நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதும் அவர் விற்ற காலணிக்காக அல்ல.

சகோதரர்களே, நம் சங்கத்துக்கும் பணம் வேண்டும்தான். ஆனால் அதைவிட ஆள் வேண்டும். சங்கப் பணம் அமானிதம். அதன் பேரேட்டைச் சுத்தமாக எழுத ஒரு கை வேண்டும். புதிதாகக் கடை வைத்த தம்பிக்கு லைசென்ஸ் விஷயமும் சரக்குப் பிடிக்கும் இடமும் சொல்லிக் கொடுக்க ஒரு வாய் வேண்டும். கூட்டத்துக்கு நேரத்தோடு வந்து நாற்காலி போட இரண்டு கால் வேண்டும். இவற்றுக்கு முதல் தேவையில்லை. கல்லாவைப் பூட்டிய பிறகு வாரத்தில் ஒரு மாலைப் பொழுது போதும்.

லாபமும் நஷ்டமும் மாறி மாறி வரும். கடை நன்றாக நடக்கும் நாளில் சங்கத்துக்கு உழைத்தவனை, கடை நொடித்த நாளில் சங்கம் தாங்கும். வியாபாரம் ஓய்ந்த பிறகு வருகிறேன் என்று காத்திருப்பவர்கள், அதற்குள் சங்கமே ஓய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.