பொம்மைகளுக்கு ஒரு வீடு

குழந்தைகளே! கேரளாவின் காயங்குளத்தில் 1902ல் பிறந்தவர், கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர். இவர் சிறுவர்களுக்கு ஓவியப் போட்டி நடத்தி வந்தார். அதில் பரிசாக வழங்க, ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மை தந்தார். அதன் அழகில் மயங்கிய சங்கர், பல நாட்டுப் பொம்மைகளைச் சேர்க்கத் தொடங்கினார்.

சேர்த்ததைப் பூட்டி வைக்கவில்லை. பல ஊர்களுக்குக் கொண்டு சென்று கண்காட்சி வைத்தார். கொலு பொம்மைகளைக் கட்டிப் பிரிக்கும்போது பார்த்திருப்பீர்களே? அப்படித்தான், அடிக்கடி கட்டிப் பிரித்ததில் சில பொம்மைகள் சேதமடைந்தன. சங்கர் மனம் வருந்தினார். அவற்றுக்கு நிரந்தர இடம் வேண்டுமே!

டில்லியில் பொம்மை அருங்காட்சியகம் உருவானது. 1965 நவம்பர் 30ல் அதைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? நம் திருத்தணியில் பிறந்த குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன்!

சங்கர் 1989ல் மறைந்தார். நீங்களும் சேர்ப்பதை நாலு பேருக்குக் காட்டி மகிழுங்கள்.