தாமஸ் டேனியலும் தென்னக நினைவுச்சின்னங்களும்

மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை, நேப்பியர் பிரபுவின் காலத்தில் செப்பனிடப்படுவதற்கு முன் எந்நிலையில் இருந்தது என்பதை ஆராய்வோருக்குத் தாமஸ் டேனியலின் ஓவியங்கள் இன்றியமையாச் சான்றுகளாகும். புகைப்படக்கலை பரவுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முற்பட்டவை அவை.

1749இல் இங்கிலாந்தில் விடுதி நடத்தியவர் ஒருவரின் மகனாகப் பிறந்த டேனியல், முதலில் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலைப் பயின்றார். நிலக்காட்சி ஓவியராக இலண்டனில் போதிய வாய்ப்பு அமையாமையால், 1785இல் உடன்பிறந்தாரின் மகன் வில்லியத்துடன் கப்பலேறிச் சீனம் வழியாக 1786இல் கல்கத்தாவை அடைந்தார். அங்கு 12 நகரக்காட்சிகளை அச்சிட்டு, அதன்பின் கார்வால் வரை வடபுலத்தைச் சுற்றினார். பயணச்செலவுக்குத் தம் ஓவியங்களைக் குலுக்கற்சீட்டு முறையில் விற்றார்.

1792 மார்ச் இறுதியில் இருவரும் சென்னை வந்தனர். மூன்றாம் மைசூர்ப் போர் அம்மாதமே உடன்படிக்கையில் முடிந்து, பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்கு வந்திருந்தன. இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகள் அவர்தம் ஓவியங்களில் மிகுதியாக இடம்பெறுதற்குக் காரணம் இதுவே எனலாம். ஓவியர் சென்ற வழி படை சென்ற வழியே. மதுரை, பாபநாசம், தஞ்சாவூர், மாமல்லபுரம் ஆகியவற்றைக் கண்டு 1793 சனவரியில் அவர்கள் சென்னை மீண்டனர்.

இருள்பெட்டிக் கருவியின் துணையால் கட்டடத்தின் புறவரையைப் பென்சிலால் பதிந்து, அதன்மேல் நீர்வண்ணம் பூசுவது அவர்தம் முறை. களத்தில் வரைந்தவை பின்னர் இலண்டனில் அக்வாடின்ட் அச்சுகளாயின. 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்த 144 படங்களின் முழுத்தொகுதி 210 பவுண்டு விலை பெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் அச்சுப்படம் 1798ஆம் ஆண்டுக்குரியது. களவரைவுக்கும் அச்சுக்கும் இடையே ஆறாண்டு இடைவெளி. ஆகவே அச்சுப்படத்தை மட்டும் கொண்டு முடிவுரைத்தல் பொருந்தாது. விமானத்தின் புறவரையை நம்பலாம். முன்புறத்து மாந்தரையும் மரங்களையும் அவ்வாறு கொள்ளவியலாது. பிரித்தானிய நூலகத்திலுள்ள மூல வரைவுகளோடு ஒப்பிடுதல் வேண்டும். அவற்றிலும் தாமஸின் கை எது, வில்லியத்தின் கை எது எனப் பிரித்தறிதல் எளிதன்று. தாமஸின் பெயரையே முன்னிறுத்தும் வழக்கம் இளையவருக்கு நீதி செய்யவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1799இல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினரான தாமஸ், திருமணம் செய்துகொள்ளவில்லை. இந்தியக் காட்சிகளையே இலண்டனில் தொடர்ந்து தீட்டினார். வில்லியம் 1837இல் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1840 மார்ச் 19 அன்று, தாமஸ் கென்சிங்டனில் காலமானார்.