அழ. வள்ளியப்பா

அழ. வள்ளியப்பா (நவம்பர் 7, 1922 – மார்ச் 16, 1989) தமிழில் குழந்தைகளுக்காகவே எழுதிய கவிஞரும் எழுத்தாளரும் இதழாசிரியரும் ஆவார். 2,000 இற்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்களை இயற்றியுள்ளார். குழந்தைக் கவிஞர் என்ற அடைமொழியால் அறியப்படுபவர். பள்ளியில் சேரும் முன்னரே குழந்தைகள் வீட்டில் சொற்களையும் எண்களையும் பாட்டின் வழியாகக் கற்றுக்கொள்ள இவருடைய பாடல்கள் பெரிதும் உதவின.

பிறப்பும் இளமையும்

வள்ளியப்பா செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்றான இராயவரத்தில் அழகப்பச் செட்டியார், உமையாள் ஆச்சி இணையருக்குப் பிறந்தார். காரைக்குடிக்கு வடக்கே அமைந்துள்ள இவ்வூர் அப்போது புதுக்கோட்டை சமத்தானத்தில் இருந்தது. 1948 இல் சமத்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. 1974 இல் உருவாக்கப்பட்ட புதுக்கோட்டை மாவட்டத்தில் இராயவரம் தற்போது உள்ளது. பெயருக்கு முன்னுள்ள அழ. என்பது தந்தையின் பெயரைக் குறிக்கும். பெயரின் முதல் எழுத்தை மட்டுமன்றி இரண்டு எழுத்துகளைத் தலைப்பெழுத்தாக இடும் வழக்கம் நகரத்தாரிடையே பரவலாகக் காணப்படுகிறது.

தொடக்கக் கல்வியை இராயவரத்திலும், உயர்நிலைக் கல்வியை அருகிலுள்ள கடியாபட்டியிலும் பயின்றார். கல்லூரிக்குச் சென்று பட்டம் பெறவில்லை. சிறு வயதிலேயே பாட்டுக் கட்டும் ஆர்வம் இவரிடம் இருந்தது.

செட்டிநாட்டுச் சூழல்

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செட்டிநாட்டு ஆண்கள் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு வட்டித் தொழிலுக்காகச் சென்று ஆண்டுக்கணக்கில் தங்கினர். வீட்டில் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு ஆச்சிமாரிடமும் அப்பத்தா, ஆயா ஆகியோரிடமும் இருந்தது. தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு, விடுகதை ஆகியவையே குழந்தையின் முதல் பாடங்களாக அமைந்தன. திண்ணைப் பள்ளியில் சேர்ந்த பின்னர் அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி ஆகியவற்றை மனப்பாடம் செய்வது வழக்கம். வணிகக் குடும்பங்களில் மனக்கணக்கிற்குத் தனி மதிப்பு இருந்தது.

வீட்டில் பாடப்பட்ட வாய்மொழிப் பாட்டுக்கும் பள்ளியில் ஒப்பிக்கப்பட்ட சுவடிப் பாடத்திற்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. முன்னது குழந்தைக்கு இன்பம் தந்தது. ஆனால் அச்சில் இல்லை. பின்னது அச்சில் இருந்தது; ஆனால் அதன் பொருள் குழந்தைக்கு எட்டாதது. பாரதியார் 1915 இல் எழுதிய பாப்பா பாட்டும், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களும் இவ்விடைவெளியை நிரப்பத் தொடங்கியிருந்தன. வள்ளியப்பா அப்பணியைத் தம் வாழ்நாள் பணியாக மேற்கொண்டார்.

சென்னை வாழ்க்கை

1940 இல் சென்னைக்குச் சென்ற வள்ளியப்பா, சக்தி அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். 1939 இல் சக்தி இதழைத் தொடங்கிய வை. கோவிந்தனும் இராயவரத்தைச் சேர்ந்தவரே. அங்கு ஆசிரியராக இருந்த தி. ஜ. ரங்கநாதன் அளித்த ஊக்கத்தினால் எழுதத் தொடங்கினார்.

1941 இல் இந்தியன் வங்கியில் பணியில் சேர்ந்து, ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றார். குழந்தைகளுக்காக எழுதுவதை நம்பி ஒருவர் தமிழில் பிழைக்க இயலாத காலம் அது. பகலில் வங்கிப் பணி, மற்ற நேரத்தில் எழுத்துப் பணி என்றே இவருடைய வாழ்க்கை அமைந்தது. பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை ஆகிய சிறுவர் இதழ்களின் ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றிருந்தார். ஓய்வு பெற்ற பின்னர் கோகுலம் இதழின் கௌரவ ஆசிரியராகப் பணியாற்றினார்.

பாடல்கள்

இவருடைய முதல் தொகுப்பான மலரும் உள்ளம் 1944 இல் 23 பாடல்களுடன் வெளிவந்தது. 1954 இல் 135 பாடல்கள் கொண்ட தொகுதியும், 1961 இல் மற்றொரு தொகுதியும் வெளியாயின. சிரிக்கும் பூக்கள், பாப்பாவுக்குப் பாட்டு, சின்னஞ்சிறு பாடல்கள், ஈசாப் கதைப் பாடல்கள், பாட்டிலே காந்தி கதை ஆகியன ஏனைய பாட்டு நூல்களுள் சில.

மிகச் சிறிய குழந்தைகளுக்கான இவருடைய பாடல்களில் பின்வரும் கூறுகள் காணப்படுகின்றன.

அடிகள் இரண்டு அல்லது மூன்று சொற்களில் முடிகின்றன. பேசப் பழகும் குழந்தை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய அளவு அது.
சில பாடல்களில் ஓர் அடியின் இறுதிச் சொல் அடுத்த அடியின் தொடக்கமாகிறது. எனவே மறந்த அடியைக் குழந்தை தானே நினைவுபடுத்திக்கொள்ள முடிகிறது.
தட்டு, பூனை, நாய், மாம்பழம் என வீட்டிலும் தெருவிலும் குழந்தை காணும் பொருள்களே பாடுபொருளாகின்றன.
அறிவுரை நேரடியாகக் கூறப்படாமல் நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

இலட்டும் தட்டும் பற்றிய பாடல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரு தட்டில் எட்டு இலட்டுகள் உள்ளன. அண்ணன் பாதியை எடுத்துக்கொள்கிறான். எஞ்சியதைத் தங்கை உண்கிறாள். நான்கும் நான்கும் எட்டு என்று கணக்கு முடியும்போது தட்டு வெறுமையாகிறது. பாதியாக்கல், கூட்டல், ஒன்றும் இல்லாத நிலை ஆகிய மூன்றும் கணக்கு என்ற உணர்வே இல்லாமல் குழந்தைக்கு அறிமுகமாகின்றன. அண்ணனும் தங்கையும் சமமாகப் பங்கிடுவதும் அதிலேயே அடங்கியுள்ளது. அடிதோறும் வரும் டகர இரட்டிப்பு, நாக்கு திருந்தாத குழந்தைக்கு நல்ல ஒலிப்புப் பயிற்சியாகவும் அமைகிறது. இப்பாடலைச் சொல்லித்தர ஒரு தட்டும் எட்டு புளியங்கொட்டைகளும் போதுமானவை.

இதே காலத்தில் குழந்தைக் கல்வி பற்றிய புதிய எண்ணங்கள் தமிழகத்தில் பரவத் தொடங்கியிருந்தன. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909 – 1957) நிறுவிய கல்வி நிறுவனங்களுள் மாண்டிசோரி பள்ளியும் ஒன்று. ஆனால் அத்தகைய பள்ளிகளை எட்ட முடியாத வீடுகளே மிகுதி. அவ்வீடுகளுக்கும் செல்லக்கூடியதாக வள்ளியப்பாவின் பாட்டு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் ஒருமுறை கேட்டு மனத்தில் கொள்ளலாம்.

உரைநடை நூல்கள்

நீலா மாலா, மணிக்கு மணி, நல்ல நண்பர்கள், வேட்டை நாய், பர்மா ரமணி முதலிய சிறுவர் கதை நூல்களையும், சான்றோரின் இளமைக் காலம் பற்றிய சின்னஞ்சிறு வயதில் என்ற நூலையும் எழுதினார். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட நம் நதிகள் என்ற நூல் 14 இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது.

குழந்தை எழுத்தாளர் சங்கம்

1950 இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கப்படுவதற்கு வள்ளியப்பா முதன்மைக் காரணமாக இருந்தார். அதன் செயலாளராகவும் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். குழந்தைகளுக்கு எழுதுவதை எளிய வேலையாகக் கருதும் மனப்பான்மை அன்று எழுத்துலகில் இருந்தது. இத்துறையில் எழுதுவோரை ஒருங்கிணைத்து அவர்களுக்கு ஓர் அடையாளத்தை இச்சங்கம் ஏற்படுத்தியது. குழந்தைகளுக்கான புத்தகக் கண்காட்சிகளையும் நடத்தியது.

விருதுகள்

இவருடைய நூல்கள் மத்திய, தமிழக அரசுகளின் பரிசுகளைப் பெற்றுள்ளன. 1982 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரவைச் செம்மல் என்ற விருதை வழங்கியது. பிள்ளைக் கவியரசு, மழலைக் கவிச்செம்மல் ஆகிய பட்டங்களாலும் சிறப்பிக்கப்பட்டார்.

மறைவு

குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடமாக வைக்கப்பட வேண்டும் என்பது வள்ளியப்பாவின் நெடுநாள் கோரிக்கை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேரவைக் கூட்டத்தில் இக்கோரிக்கையை வலியுறுத்திப் பேசிக்கொண்டிருந்தபோது மயக்கமுற்று விழுந்தார். 1989 மார்ச் 16 அன்று தமது 66 ஆம் வயதில் காலமானார். கல்லூரிப் படிப்பு இல்லாத ஒருவர், இரண்டு வயதுக் குழந்தையின் பாட்டும் ஆய்வுக்குரியதே என்று கற்றோர் அவையில் வாதிட்டதே அவருடைய இறுதிப் பணியாக அமைந்தது. பின்னாட்களில் அவருடைய படைப்புகளே பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் பொருளாயின.

தாக்கம்

இவருடைய பாடல்கள் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் சில, இயற்றியவர் பெயர் அறியாமல் நாட்டுப்புறப் பாடல்கள் போலவே வீடுகளில் பாடப்படுகின்றன. இணையத்தில் பரவும் அசைபடங்களிலும் பல வேளைகளில் அவர் பெயர் குறிப்பிடப்படுவதில்லை. படைப்பாளிக்கு உரிய பெயர் விடுபடுவது குறையே. எனினும், தாம் பாடுவது யாருடைய பாட்டு என்று அறியாத குழந்தைகளும் அவற்றைப் பாடியே சொல்லும் எண்ணும் பழகி வருகின்றனர்.